உயரத்தில் வேலை பார்ப்பவர்களுக்குப் பயிற்சி: முதல்முறை நடத்தப் போகிறவருக்கு ஒரு வழிகாட்டி

2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒருவர் தரையைத் தொட முக்கால் நொடிகூட ஆகாது. கணக்குப் போட்டால் 0.64 நொடி. மோதும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 22.5 கிலோமீட்டர். கால் நழுவியது மூளைக்கு உறைக்கவே ஏறக்குறைய கால் நொடி போய்விடும். மிச்ச நேரத்தில் எதையாவது எட்டிப் பிடித்துக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம். இருபது வருடம் சாரத்தில் நின்றவருக்கும் இதே கணக்குதான். அதனால் விழாமல் இருப்பதற்கான எல்லா முடிவையும் கால் தரையில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். பயிற்சியில் நீங்கள் சொல்லித்தரப் போவது அந்த முடிவுகளைத்தான்.

சைட்டில் புதிதாக சூப்பர்வைசர் ஆனவர்கள், பாதுகாப்புப் பொறுப்பு திடீரென்று கைக்கு வந்தவர்கள், பத்து இருபது ஆட்களை வைத்து வேலை எடுத்துச் செய்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நான் முதன்முதலில் நடத்திய பயிற்சி இரண்டு மணி நேரப் பேச்சு. திரையில் படம் காட்டினேன், எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், போனார்கள். மறுநாள் மேலே ஏறிப் பார்த்தால், முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர் பெல்ட்டை ஒழுங்காகப் போட்டிருந்தார். ஆனால் ஹூக்கைத் தன் பெல்ட்டிலேயே மாட்டிக்கொண்டு ஸ்லாப் ஓரத்தில் நின்றிருந்தார். "எங்க மாட்டறதுன்னு நீங்க காட்டலையே சார்" என்றார். உண்மைதான். மாட்டுவதற்கு அங்கே ஓர் இடமும் இல்லை. அன்றிலிருந்து என் பயிற்சி வகுப்பறையில் தொடங்குவதில்லை.

முதலில் நீங்கள் மட்டும் ஒரு சுற்று

பயிற்சிக்கு ஒரு வாரம் முன்பே நோட்டும் பேனாவுமாக இடம் முழுவதும் நடந்து பாருங்கள். யார், எதற்காக, எதன் மேல் ஏறுகிறார்கள் என்று எழுதுங்கள். பத்தாவது மாடியும் டவரும் எல்லோர் கண்ணிலும் படும். தப்பிப்போவது சின்ன உயரங்கள். லாரிச் சுமையின் மேல் நின்று தார்ப்பாய் கட்டுபவர், குடோனில் ரேக்கைப் பிடித்து ஏறுபவர், ட்யூப்லைட் மாற்ற மேசைமேல் நாற்காலி போடுபவர், தண்ணீர்த் தொட்டி கழுவப் போகிறவர், இவர்களெல்லாம் உங்கள் நோட்டில் வர வேண்டும். வேலை மும்முரமாக நடக்கும் நேரத்தில் போங்கள். ஓய்வு நேரத்தில் போனால் எல்லா இடமும் பத்திரமாகத்தான் தெரியும்.

எத்தனை அடிக்கு மேல் போனால் உயரம் என்று நிச்சயம் கேட்பார்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் கட்டுமான வேலைக்கு 6 அடி, மற்ற பொதுத் தொழில்களுக்கு 4 அடி. பிரிட்டனின் 2005 விதிகளில் எண்ணே கிடையாது. விழுந்தால் காயம் படும் என்றால் அது உயரத்தில் செய்யும் வேலை, அவ்வளவுதான். உங்கள் ஊர்ச் சட்டம் சொல்வதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களிடம் பேசும்போது பிரிட்டன்காரர்களின் விளக்கத்தைச் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. எண் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு அரை அடி கீழே நிற்பவர் தனக்கு எதுவும் தேவையில்லை என்று நினைத்துக்கொள்வார்.

எழுதிய ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று கேள்விகளை வரிசை மாறாமல் கேளுங்கள். முதல் கேள்வி, மேலே போகாமலே இதை முடிக்க முடியுமா? பெயின்ட் ரோலருக்கு நீளக் கம்பு போடலாம். கூரைச் சட்டத்தைத் தரையிலேயே கோத்து, கிரேனால் தூக்கி வைக்கலாம். உயர விளக்கைக் கப்பி போட்டுக் கீழே இறக்கும்படி அமைக்கலாம். முடியாது என்றால் அடுத்த கேள்வி, விழ வழியே இல்லாதபடி செய்ய முடியுமா? தடுப்புக் கம்பி, நல்ல சாரம், குழிக்கு மூடி எல்லாம் இதில் வரும். அதுவும் முடியாத இடத்தில்தான் மூன்றாவது கேள்வி, விழுந்தாலும் தரையில் மோதாமல் எப்படித் தாங்குவது? வலையும் பெல்ட்டும் இங்கேதான் வருகின்றன.

பெல்ட்டைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. தடுப்புக் கம்பி ஒருமுறை போட்டுவிட்டால் அங்கே வரும் எல்லோரையும் காப்பாற்றும். தூக்கக் கலக்கத்தில் இருப்பவரையும், இன்று காலை புதிதாக வேலைக்கு வந்தவரையும்கூட. பெல்ட் அப்படியில்லை. அது நல்ல நிலையில் இருக்க வேண்டும், சரியாகப் போட்டிருக்க வேண்டும், மாட்டும் இடம் உறுதியாக இருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் மாட்ட மறக்காமல் இருக்க வேண்டும், கீழே போதுமான வெற்றிடம் இருக்க வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் போச்சு. ஆனால் நடைமுறையில் பலரும் பெல்ட் வாங்கிக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

இந்தப் பட்டியலை முதலாளியிடமோ மேலாளரிடமோ பயிற்சிக்கு முன்பே கொண்டுபோங்கள். போட வேண்டிய கம்பி, வைக்க வேண்டிய மூடி, ஹூக் மாட்ட வேண்டிய இடம் எல்லாம் தயாராகட்டும். தடுப்புக் கம்பிக்குப் பரவலாக இருக்கும் அளவு இது: மேல்கம்பி ஏறக்குறைய 1.07 மீட்டர் உயரத்தில், நடுவில் இன்னொரு கம்பி, கருவிகள் உருண்டு விழாமல் கீழே 9 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கால்பலகை. 90 கிலோ எடையுள்ள ஆள் முழு பாரத்தோடு சாய்ந்தாலும் மேல்கம்பி தாங்க வேண்டும். கயிறு கட்டி அதில் சிவப்பு ரிப்பன் தொங்கவிடுவது எச்சரிக்கை மட்டும்தான், ஆளைத் தாங்காது. கம்பியே இல்லாத இடத்தில் கம்பியின் அவசியத்தைப் பற்றி வகுப்பு எடுத்தால் ஆட்கள் உங்களை நம்ப மாட்டார்கள்.

யாருக்கு, எப்படி

மேஸ்திரிக்கும் சூப்பர்வைசருக்கும் முதலில். ஆட்கள் கேட்பது வேலை கொடுப்பவர் சொல்வதை. காலையில் "பெல்ட் மாட்டிக்கோ" என்று சொன்ன அதே மேஸ்திரி சாயங்காலம் "இன்னும் முடியலையா" என்று கத்தினால் எந்த வார்த்தை ஜெயிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே அவர்களோடு தனியாக உட்கார்ந்து ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். இடம் சரியில்லை என்று ஒருவர் ஏற மறுத்தால் அன்றைய சம்பளம் பிடிக்கப்படாது, திட்டு விழாது. இதை மேஸ்திரி தன் வாயால் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். இந்த ஒரு வாக்கியம் இல்லாமல் மற்றதெல்லாம் சொல்லி என்ன பயன்?

ஒரு குழுவில் எட்டு அல்லது பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவர் கையும் பெல்ட்டில் பட வேண்டும் என்றால் அதற்கு மேல் முடியாது. வேறு மொழி பேசுபவர்கள் இருந்தால் அவர்கள் மொழியில் சொல்ல ஒருவரைப் பிடியுங்கள். தலையாட்டுவதைப் புரிந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புதிதாகச் சேர்ந்தவரை "ரெண்டு நாள் பார்த்துக்கோ, அப்புறம் பயிற்சி" என்று மேலே அனுப்பக் கூடாது. பயிற்சி முடிகிற வரை அவருக்குத் தரையில் வேலை கொடுங்கள்.

வலிப்பு, தலைசுற்றல், மயக்கம், தூக்கம் வரவழைக்கும் மருந்து ஆகியவற்றைப் பற்றித் தனித்தனியாக, மற்றவர் காதில் விழாமல் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்டால் ஒருவரும் உண்மை சொல்ல மாட்டார்கள். உடம்பு முடியாதவருக்குத் தரையில் மாற்று வேலை உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டால்தான் வாய் திறப்பார்கள். குடித்திருப்பவர், முந்தின இரவு முழுக்கத் தூங்காதவர், காய்ச்சலோடு வந்தவர் அன்று ஏறக் கூடாது.

முதல் பாடம் காலுக்குக் கீழே

வகுப்பைத் தொடங்க நான் ஒரு கதை சொல்வதுண்டு. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் 1930களில் கட்டப்பட்டபோது, தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் பாலத்தின் அடியில் நீளமாக வலை கட்டச் சொன்னார். அந்த வலை 19 பேரைக் காப்பாற்றியது. பிழைத்தவர்கள் தங்களுக்கு "பாதி நரகம் வரை போனவர்கள் சங்கம்" என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆனால் 1937 பிப்ரவரி 17 அன்று வேலை மேடை ஒன்று பெயர்ந்து வலையின் மேல் விழுந்தது. அந்த எடையைத் தாங்காமல் வலை கிழிந்து 10 பேர் இறந்தார்கள். கதையைச் சொல்லி நிறுத்திவிட்டு, "வலை நல்லதா கெட்டதா?" என்று கேளுங்கள். ஆட்களே பேச ஆரம்பிப்பார்கள். மனிதர் விழுவதற்காகக் கட்டிய வலையில் மேடை விழுந்தது, எந்தப் பொருளுக்கும் தாங்கும் எல்லை உண்டு என்பதை அவர்களே கண்டுபிடித்துச் சொல்வது நாம் சொல்வதைவிட நன்றாக ஒட்டும்.

அதன் பிறகு எழுந்து வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். முதலில் காட்ட வேண்டியது குழிகளை. லிஃப்ட் குழி, படிக்கட்டுக்கு விட்ட இடம், பைப் போக விட்ட ஓட்டை. ஒரு விபத்து திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நடக்கிறது. குழியின் மேல் ஒரு ப்ளைவுட் பலகை கிடக்கிறது. சைட்டைச் சுத்தம் செய்யும் ஆள் அதைக் குப்பை என்று நினைத்து இரண்டு கையாலும் தூக்குகிறார். பலகை கண்ணை மறைக்கிறது. தூக்கியபடி ஓரடி முன்னால் வைக்கிறார். அந்த அடி குழிக்குள். இதை வாயால் சொல்லாமல், தரையில் சாக்பீஸால் குழி வரைந்து, அதன்மேல் பலகை போட்டு, ஒருவரைத் தூக்கி நடக்கச் சொல்லிப் பாருங்கள். கால் கோட்டுக்குள் போகும்போது சுற்றி நிற்பவர்கள் முகத்தைக் கவனியுங்கள். பிறகு தீர்வைக் காட்டுங்கள். மூடி, அதன்மேல் வரக்கூடிய எடையைப்போல் இரண்டு மடங்கு தாங்க வேண்டும். நகராதபடி ஆணி அடிக்க வேண்டும். பெரிய எழுத்தில் "குழி" என்று பெயின்ட்டில் எழுத வேண்டும். அவிழ்க்க வேண்டியவர் முதலில் சுற்றித் தடுப்பு வைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

அடுத்து கூரை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் வெளிச்சத்துக்குப் போடும் ஃபைபர் ஷீட்டும் ஆளைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் கிடந்த ஷீட் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், உள்ளே மக்கியிருக்கும். ஃபைபர் ஷீட்டின் மேல் தூசி படிந்தாலோ பெயின்ட் அடித்திருந்தாலோ பக்கத்து ஷீட்டுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. "போல்ட் வரிசையிலேயே நடந்தா ஒண்ணும் ஆகாது" என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். தயவுசெய்து இதை நேரடியாக மறுத்துச் சொல்லுங்கள். போல்ட் வரிசை என்பது கால் வைக்கக் கயிற்றின் அகலம்தான். ஒருமுறை தடுமாறினால் அடுத்த கால் ஷீட்டில்தான் விழும். கூடியவரை கீழிருந்து சாரமோ ஆளை மேலே தூக்கும் இயந்திர மேடையோ வைத்து வேலையை முடிப்பது. ஏறியே தீர வேண்டுமென்றால் கீழே இருக்கும் இரும்புச் சட்டங்களின் மேல் பாரம் இறங்கும்படி நீளப் பலகை போட்டு, அதில் மட்டும் நடப்பது. அதோடு கீழே வலையும், ஆள்மேல் பெல்ட்டும். ஷீட் மாற்றும் வேலை அரை மணி நேரம்தான் என்பதால் இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். ஷீட் உடைய அரை மணி நேரம் தேவையில்லை.

ஏணியும் சாரமும்

ஏணியைப் பற்றி எல்லோரும் தெரியும் என்பார்கள். சாய்த்து வைக்கச் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் தவறாக வைப்பார்கள். அளவு எளிது. 4 மீட்டர் உயரத்தில் சாய்ந்தால் அடிப்பக்கம் 1 மீட்டர் வெளியே. டேப் இல்லாமல் சரிபார்க்க, ஏணியின் காலில் கட்டைவிரல் படும்படி நின்று கையை நேராக நீட்டினால், தோள் உயரத்தில் உள்ள படி உள்ளங்கைக்கு எட்ட வேண்டும். மேல்தளத்தில் இறங்க வேண்டுமென்றால் ஏணி அந்தத் தளத்தைத் தாண்டி 1 மீட்டர் நீண்டிருக்க வேண்டும். தலைப்பக்கம் கட்ட வேண்டும், கட்டி முடிக்கும் வரை ஒருவர் கீழே பிடித்திருக்க வேண்டும். ஏறும்போது முகம் ஏணியைப் பார்த்து, இரண்டு கையும் ஒரு காலும் அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் ஏணியில். கையில் சாமானோடு இது முடியாது, அதனால் சாமான் கயிற்றில் வரட்டும். தொப்புள் ஏணியின் இரண்டு கால்களுக்கு நடுவிலேயே இருக்க வேண்டும். வயிறு வெளியே போனால் ஏணியும் போகும். எட்டவில்லை என்றால் இறங்கி நகர்த்துவதுதான் வழி. மின்கம்பி பக்கத்தில் அலுமினிய ஏணி கூடவே கூடாது.

சாரத்தைக் கட்டுவதும் பிரிப்பதும் அதற்கென்று பழகியவர் வேலை. மற்றவர்களுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியது ஏறுவதற்கு முன் எதைப் பார்ப்பது என்பதுதான். கால்கள் அடித்தட்டின் மேல் நிற்கின்றனவா, செங்கல் அடுக்கின் மேலா? பலகை இடைவெளி இல்லாமல் நிரப்பியிருக்கிறதா? ஓரத்தில் தடுப்புக் கம்பி முழுசாக இருக்கிறதா? கட்டடத்தோடு கட்டியிருக்கிறதா? ஏற ஏணி இருக்கிறதா? பச்சை அட்டை தொங்கினால் ஏறலாம், சிவப்பு என்றால் கூடாது என்ற வழக்கம் உங்கள் சைட்டில் இல்லையென்றால் இந்தப் பயிற்சியோடு கொண்டுவாருங்கள். மழைக்கும் பலத்த காற்றுக்கும் பிறகு மறுபடி பார்த்துத்தான் பச்சை போட வேண்டும். குறுக்குக் கம்பி கைக்கு இடைஞ்சல் என்று கழற்றுபவர்கள் இருக்கிறார்கள். கழற்றக் கூடாது என்று சொல்வதோடு நிற்காமல், இடைஞ்சலாக இருந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

பெல்ட்: அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி

ஆட்கள் பெல்ட் என்று சொன்னாலும் தேவைப்படுவது உடம்பு முழுக்கத் தாங்கும் ஹார்னஸ். இடுப்பில் மட்டும் கட்டும் பட்டை விழும்போது முழு அதிர்ச்சியையும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறக்கும், அல்லது ஆள் அதிலிருந்து நழுவிவிடுவார். விழுபவரைத் தாங்க இடுப்புப் பட்டையைப் பயன்படுத்துவதை அமெரிக்கா 1998 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. உங்கள் ஸ்டோரில் இன்னும் தொங்கினால் எடுத்துவிடுங்கள்.

முதலில் சோதிக்கக் கற்றுக்கொடுங்கள். பட்டையை இரண்டு கையாலும் பிடித்து, தலைகீழ் U போல வளைத்துக்கொண்டே முழு நீளமும் தடவிப் பார்ப்பது. வளைக்கும்போதுதான் சின்ன வெட்டு வாய் திறக்கும். தையல் பிரிந்திருக்கிறதா, வெல்டிங் பொறி பட்ட ஓட்டை, கெமிக்கல் கறை, வெயிலில் வெளுத்து மொரமொரப்பான இடம், முதுகில் உள்ள D வடிவ வளையமான டி ரிங்கில் வளைவு, பக்கிளில் துரு, ஹூக்கின் வாய் தானாக மூடிப் பூட்டிக்கொள்கிறதா. லேபிள் படிக்க முடியவில்லை என்றால் அதையும் ஒதுக்குங்கள். ஒருமுறை ஆளைத் தாங்கிய ஹார்னஸும், அதை மாட்டும் இடத்தோடு இணைக்கும் கயிறான லேன்யார்டும் பார்க்கப் புதிதுபோல இருந்தாலும் மறுபடி பயன்படாது. ஓரத்தில் வைக்காமல் வெட்டிப் போடுங்கள், வைத்தால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பாடத்துக்காகவே கெட்டுப்போன இரண்டு மூன்றைச் சேர்த்து வைத்து, நல்லவற்றோடு கலந்து கொடுத்து, எது கெட்டது என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் போடுவது. டி ரிங்கைப் பிடித்துத் தூக்கி உதறினால் பட்டைகள் தனித்தனியாகத் தொங்கும். சட்டை போடுவதுபோல் தோளில் மாட்டி, கால் பட்டைகளை முறுக்கில்லாமல் கட்டி, நெஞ்சுப் பட்டையை மார்பின் நடுவில் பூட்ட வேண்டும். டி ரிங் இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். கால் பட்டைக்குள் விரித்த உள்ளங்கை போக வேண்டும், முஷ்டி போகக் கூடாது. முதுகுப்பக்கம் தனக்கே தெரியாது என்பதால் இருவர் இருவராக நின்று ஒருவரை ஒருவர் சரிபார்க்கட்டும். ஆளின் எடையும் கருவிகளின் எடையும் சேர்ந்து லேபிளில் போட்டிருக்கும் எடைக்குள் இருக்க வேண்டும்.

எங்கே மாட்டுவது என்பதில்தான் உயிர் இருக்கிறது. அமெரிக்க விதி ஒரு ஆளுக்கு 5000 பவுண்டு தாங்கும் இடம் கேட்கிறது, அதாவது ஏறக்குறைய இரண்டேகால் டன். தண்ணீர்க் குழாய், மின்சார வயர் போகும் தட்டு, தடுப்புக் கம்பி, தளர்ந்த சாரக் கம்பி இவற்றில் எதுவும் இதைத் தாங்காது. ஆட்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று விடாதீர்கள். விஷயம் தெரிந்த பொறியாளர் தேர்ந்தெடுத்த இடங்களுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, மஞ்சளில் மட்டும் மாட்டு என்று சொல்லுங்கள். மாட்டும் இடம் தலைக்கு மேல் இருப்பது நல்லது. காலடியில் மாட்டினால் விழும் தூரம் கூடும், அடியும் கூடும். கயிற்றில் முடிச்சுப் போட்டுச் சுருக்கக் கூடாது, முடிச்சு கயிற்றின் பலத்தைப் பாதியாகக்கூடக் குறைத்துவிடும்.

இப்போது பலருக்கும் தெரியாத கணக்கு ஒன்று. போர்டில் எழுதிக் காட்டுங்கள். மார்பு உயரத்தில் மாட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். லேன்யார்டு 1.8 மீட்டர். அதிர்ச்சியைக் குறைக்கும் ஷாக் அப்சார்பர் கிழிந்து நீள்வது 1.1 மீட்டர். டி ரிங்கிலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர். ஹார்னஸ் இழுபடுவது 0.3. கைவசம் வைக்கும் இடைவெளி 0.9. கூட்டினால் 5.6 மீட்டர். மாட்டிய இடத்துக்குக் கீழே இவ்வளவு வெற்றிடம் இருந்தால்தான் பெல்ட் பெல்ட்டாக வேலை செய்யும். 3 மீட்டர் உயர ஸ்லாபில் நின்று காலடியில் ஹூக் போட்டவர் விழுந்தால் என்ன ஆகும் என்று அவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள். லேன்யார்டு விறைப்பாவதற்கே டி ரிங் 1.8 மீட்டர் கீழே போக வேண்டும், பாதம் அதற்கும் 1.5 மீட்டர் கீழே. மொத்தம் 3.3. கயிறு இழுபடும் முன்பே ஆள் தரையில். இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். குறைந்த உயரத்துக்குத் தானே சுருண்டு இழுத்துக்கொள்ளும் வகை லைஃப்லைனோ, ஓரத்தையே எட்ட முடியாத அளவுக்குக் குட்டையான கயிறோ பொருத்தம். அதைவிட நல்லது தடுப்புக் கம்பி. மூன்று கேள்விகளில் இரண்டாவதுக்கே திரும்பி வருகிறோம்.

ஊசலாட்டத்தையும் காட்டுங்கள். ஒரு கயிற்றில் சின்ன மணல் மூட்டையைக் கட்டி, பக்கவாட்டில் இழுத்துவிட்டால் தூணில் போய் மோதும். மாட்டிய இடத்திலிருந்து பக்கவாட்டில் வெகுதூரம் நகர்ந்து வேலை செய்பவர் விழுந்தால் அந்த மூட்டைக்கு ஆவது அவருக்கும் ஆகும். அதேபோல இடம் மாறும்போது இரட்டை ஹூக். ஒன்றை மாட்டிய பிறகுதான் மற்றதைக் கழற்றுவது. "கழட்டு, மாட்டு" என்று பழகியவரை "மாட்டு, கழட்டு" என்று மாற்ற ஒரு நாள் போதாது. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கம்பி கட்டி, இருபது முறை நடக்க வையுங்கள்.

விழுந்து தொங்குபவரை இறக்குவது

பெரும்பாலான பயிற்சிகள் இதைத் தொடுவதே இல்லை. பெல்ட் தாங்கிவிட்டது, சரி, ஆள் தொங்குகிறார். இப்போது? கால் அசையாமல் தொங்கும்போது ரத்தம் காலிலேயே தேங்கும், சில நிமிடங்களில் மயக்கம் வரலாம், நீடித்தால் உயிருக்கே ஆபத்து. தீயணைப்பு வண்டி வரட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. யார் கூப்பிடுவது, எந்த ஏணி அல்லது இயந்திர மேடை எங்கே இருக்கிறது, யார் ஏறி இறக்குவது என்று வேலை தொடங்கும் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். தொங்குபவருக்கும் சொல்லித்தர வேண்டும்: நினைவிருந்தால் காலை மடக்கி நீட்டிக்கொண்டே இரு, சுவரில் உதை, ஹார்னஸோடு வரும் கால்மிதிப் பட்டையை அவிழ்த்து அதில் ஏறி நில். தனியாக ஒருவர் ஹார்னஸை நம்பி உயரத்தில் வேலை செய்யக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

இறக்கிய பிறகு படுக்க வைக்கக் கூடாது, உட்காரத்தான் வைக்க வேண்டும் என்று ஒரு பழைய அறிவுரை உலவுகிறது. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு (HSE) 2009இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி, வழக்கமான முதலுதவியையே செய்யச் சொன்னது. மயங்கிய ஆளை நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டு நேரம் கடத்தாமல், மூச்சைப் பார்த்து முதலுதவி செய்து மருத்துவமனைக்கு அனுப்புவதுதான் முறை. வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அனுப்ப வேண்டும்.

முடிந்தால் ஒத்திகை ஒன்று வையுங்கள். ஆள் வேண்டாம், எடை கட்டிய பொம்மையைத் தொங்கவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இறக்கச் சொல்லுங்கள். முதல் முறை ஏணி குட்டையாக இருக்கும், சாவி யாரிடமோ இருக்கும், மேடையின் பேட்டரி தீர்ந்திருக்கும். எல்லாம் அன்றே தெரிந்துவிட்டால் நல்லது.

தேர்ச்சியும் அதற்குப் பிறகும்

எழுத்துத் தேர்வு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், சில நிறுவனங்கள் கேட்கும். ஆனால் ஒருவர் தயாரா என்பதைக் கையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கலந்து வைத்ததில் கெட்ட ஹார்னஸைக் கண்டுபிடித்து, தானே போட்டு, சரியான இடத்தில் மாட்டி, மாட்டிக் கழற்றி நகர்ந்து, ஓர் ஏணியைச் சரியாக வைத்துக் காட்டட்டும். ஒன்றில் தவறினால் அவமானப்படுத்தாமல் அதை மட்டும் மறுபடி செய்ய வையுங்கள். யார், என்று, எதில் தேர்ந்தார் என்று ஒரு பதிவு வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் வேலை தொடங்கும் முன் பத்து நிமிடம் நின்றபடியே பேசுங்கள். நேற்றைய பேச்சையே திரும்பச் சொல்லாமல், இன்று ஏறப்போகும் இடத்தைப் பற்றி மட்டும். ராத்திரி மழை பெய்ததா, பலகை வழுக்குகிறதா, காற்று எப்படி, இடி மின்னல் வந்தால் எங்கே இறங்குவது, கீழே யார் நடப்பார்கள், கருவி விழாமல் கயிறு கட்டியிருக்கிறதா, ஹெல்மெட்டின் தாடைப் பட்டை போட்டிருக்கிறதா. வேலை முறை மாறினாலோ, புதுக் கருவி வந்தாலோ, ஒருவர் தவறாகச் செய்வதைக் கண்டாலோ முழுப் பயிற்சியையும் மறுபடி கொடுங்கள்.

கால் நழுவித் தப்பியவர், ஹூக் வழுக்கியதைப் பார்த்தவர் உங்களிடம் வந்து சொல்லும்படி இருங்கள். அப்படி முதலில் வந்து சொல்பவரை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்றே அந்த இடத்தைச் சரிசெய்து, யார் சொல்லித் தெரிந்தது என்பதையும் அவர் சம்மதத்தோடு எல்லோரிடமும் சொல்லுங்கள்.

பயிற்சி முடிந்து ஒரு வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல், வேலை முடியும் நேரத்துக்கு அரை மணி முன்னால் மேலே போங்கள். அவசரமும் களைப்பும் சேரும் நேரம் அது. ஹூக் எங்கே மாட்டியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். மாட்டாமல் இருந்தால் திட்டுவதற்கு முன், மாட்ட இடம் இருக்கிறதா, கயிறு எட்டுகிறதா, மாட்டினால் வேலை செய்ய முடிகிறதா என்று அவரிடமே கேட்டு, சொன்னதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த பயிற்சியை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.